வலைக்கு ஒரு பங்கு

பஸ் ஜன்னல் கண்ணாடியின் தூசியில் கமலவேணி சுண்டுவிரலால் ஒரு வட்டம் போடுவாள். நடுவே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. நான்கு துண்டும் ஒரே அளவுதானா என்று தலையைச் சாய்த்துப் பார்ப்பாள். கோணலாக இருந்தால் துடைத்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று. வட்டத்துக்குள் வயல் ஓடும், ஏரி ஓடும், கடைசியில் வெறும் வெளிச்சம் ஓடும். கடல் பக்கம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வில்லியனூர்க் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண் அவள். பாகூர்ப் பக்கம் கடலோரப் பள்ளியொன்றில் கணக்கு டீச்சர். ஐந்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மீனவர் வீடு, பாதி நெல்வயல் வீடு.

ஐந்து பேர் ஒரே படகில் போய் மீன் பிடித்து வந்தார்கள், சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு எவ்வளவு என்று ஒரு நாள் கேட்டிருந்தாள். மீனவர் வீட்டு யாமினி ஏழில் ஒன்று என்று எழுதினாள். கமலவேணி சிவப்பில் அடித்துவிட்டாள். ஒரு கை விரலைக்கூட எண்ணத் தெரியவில்லை என்று பின்வரிசை கேலி செய்தது. அதோடு யாமினி வாயை மூடிக்கொண்டாள். எதைக் கேட்டாலும் அலைச் சத்தம் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் இனி வராமலே போய்விடுமோ என்ற பயம் கமலவேணியோடு தினமும் பஸ்ஸில் போய் வந்தது.

நான்காம் நாள், மதியச் சோற்றுக்குப் பின் வகுப்பே கண் சொருகிக் கிடந்த வேளையில், கமலவேணி யாமினி பக்கத்தில் உட்கார்ந்து, ஏழு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

யாமினி அலைப் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு டீச்சர். அத வுட்டுட்டு எப்டிப் பிரிக்கிறது?"

கமலவேணி எழுந்து போய்ப் பலகையில் ஒரே அளவில் இரண்டு வட்டம் போட்டாள். ஒன்றை ஐந்தாக, ஒன்றை ஏழாகப் பிரித்தாள். மொத்தம் எத்தனை பங்கு என்று சொல்லாமல் விட்டது தன் தப்புதான் என்றாள். ஐந்தில் ஒன்று பெரிசா, ஏழில் ஒன்று பெரிசா என்று கேட்டாள். ஏழுதானே பெரிய எண், அதுதான் என்றான் நெல்வயல் வீட்டு நவீன்குமார். பாதி வகுப்பு ஆமாம் போட்டது.

யாமினி அவன் பக்கம் திரும்பினாள். "இன்னாடா நீ. பங்கு கூடக்கூட கைக்கு வர்ற மீனு கொறையும்டா. நீ ஏழு பங்குல வாங்கிக்கோ, நான் அஞ்சுல வாங்கிக்கிறேன். யாரு வூட்டுக் கொழம்புல மீன் கெடக்குதுன்னு பாக்கலாம்."

நவீன்குமாரே சிரித்துவிட்டான்.

ஆண்டு முடியும்போது கையெழுத்துப் போட வந்த யாமினியின் அம்மா அமுதம் சொல்லித்தான் கமலவேணிக்குத் தெரிந்தது. முதுகெலும்பில் அடிபட்ட யாமினியின் அப்பா தங்கராசு கடலுக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. அவர் வலை மட்டும் போய் வருகிறது. அதற்கு விழுகிற பங்குதான் அவர்கள் வீட்டுச் சாப்பாடு.