அய்யூப் பாய் மறைத்த நாற்பது நிமிடம்

அய்யூப் பாய்க்கு மழையில் சைக்கிள் மிதிப்பதென்றால் வேப்பங்காய். டெலிபோன் மெக்கானிக்குக்கு இது ஆகாத குணம். திருவண்ணாமலைக்குப் பத்து மைல் தள்ளி மேல்கரைப்பட்டில் ஆளே இல்லாத குட்டி எக்ஸ்சேஞ்ச் ஒன்று இருந்தது. இருபது போன், ஒரு பூட்டு, சாவி பாயிடம். மழைக்காலத்தில் அங்கே யார் வீட்டு ஒயராவது நனைந்து, யாரும் பேசாமலே பேசுவதுபோல் காட்டி மொத்த எக்ஸ்சேஞ்சையும் அடைத்துவிடும். பாய் போய் அந்த ஒயரைக் கழற்ற வேண்டும்.

போய்ப் போய் அலுத்தவர் மூளையைக் கசக்கினார். பழைய சாமான்களை வைத்து ஒரு பெட்டி செய்து, யாருக்கும் சொல்லாமல் அங்கே மாட்டிவிட்டார். இனி டவுனில் உட்கார்ந்தபடியே நம்பர் சுழற்றினால் நனைந்த லைன் கழன்றுகொள்ளும். இன்னொரு நம்பர் சுழற்றினால் சேர்ந்துகொள்ளும். இரண்டு வருஷம் ஒழுங்காக வேலை செய்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

1982 ஐப்பசியில் மூன்று நாளாக விடாத மழை. மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. மேல்கரைப்பட்டு ரோட்டில் தரைப்பாலம் முழுகி பஸ் நின்றுபோயிருந்தது. அன்று காலை பத்து இருபதுக்கு பாய் நம்பர் சுழற்றினார். விரல் ஒரு எண் தள்ளிப் போயிற்று. நனைந்த லைனுக்குப் பதிலாக, டவுனையும் அந்த ஊரையும் சேர்க்கிற ஒரே லைன் கழன்றுவிட்டது. காதில் சத்தமே இல்லை.

சேர்க்கிற நம்பரைச் சுழற்றினார். அந்த நம்பரும் செத்துப்போன லைன் வழியாகத்தானே போக வேண்டும்? சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்பவர் நிலைமை. நான்கு முறை சுழற்றியும் அதே மௌனம்.

பத்தரைக்கு ஆபரேட்டர் சரசு வந்து, மேல்கரைப்பட்டு கிடைக்கவில்லை, டவுன் டாக்டர் கேட்கிறார் என்றாள். கேபிள் நனைந்துவிட்டது என்று பாய் சொன்னார். பெட்டி விஷயம் வெளியே வந்தால் வேலை போய்விடும். மழை கொஞ்சம் விட்டதும் போய்ச் சரிசெய்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்பது கணக்கு. மழை விடவில்லை.

பதினொன்றுக்குச் சரசு திரும்ப வந்தாள். இந்த முறை முகம் சரியில்லை.

"பாய், அங்க ஒரு பொம்பளைக்குப் பிரசவம். நர்ஸம்மா தனியா இருக்காங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன பண்ணணும்னு டாக்டர் போன்ல சொல்றதா இருந்துதாம்."

பாய் எழுந்து நேராக சூப்பர்வைசர் கண்ணாயிரத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். கண்ணாயிரம் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை போலிருந்தது. ரயில்வேக்குத் தனி போன் உண்டே என்று ஸ்டேஷனைப் பிடித்தார். அங்கிருந்து மேல்கரைப்பட்டு லெவல்கிராஸிங் கேட்டுக்குச் சேதி போயிற்று. கேட்கீப்பர் சகாதேவன் கேட்டை விட்டு நகரக் கூடாது. அவர் பெண்சாதி பொன்னி கடப்பாரையோடு மழையில் ஓடினாள். பூட்டை உடை, சிவப்பு ஒயர் சுற்றிய பெட்டியைப் பிடுங்கி எறி என்று பாய் சொல்லியனுப்பியிருந்தார்.

அதற்குப் பிறகு பாய் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று நாற்பதுக்கு லைனில் கரகரவென்று உயிர் வந்தது. அடுத்த நொடி நர்ஸ் ஆதிலட்சுமியின் குரல்.

"பத்தரைல இருந்து நம்பரைச் சுத்திக்கினே இருக்கேன். ரத்தம் நிக்கவே இல்ல. இப்பதான் தாயி உசுரு அடங்குச்சு. குழந்தை நீலம் பூத்துக்கினு வருது, டாக்டரைக் குடுங்க."

கொடுத்தார். டாக்டர் சொல்லச் சொல்ல நர்ஸ் செய்தாள். குழந்தை பிழைத்தது. அன்றைய ரிஜிஸ்டரில் கண்ணாயிரம் மழையால் பழுது என்று எழுதி மூடினார். பாயைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டார், நல்ல மனிதர்.

பன்னிரண்டாம் நாள் மொட்டைத் தலையோடு ஒருவர் எக்ஸ்சேஞ்ச் வாசலில் வந்து நின்றார். ஆதிமூலம், அந்தப் பெண்ணின் புருஷன். கையில் துணி சுற்றிய குழந்தை. லைன் போட்டுக்கொடுத்த பாய் யார் என்று விசாரித்து வந்து, குழந்தையை அவர் கையிலேயே வைத்துவிட்டார்.

"நீங்க இல்லன்னா இதுவும் போயிருக்கும் பாய். மழைக்கு யார் இன்னா பண்ண முடியும்?"

அப்படியே விட்டிருக்கலாம். ரிஜிஸ்டரே பாய் பக்கம். கையிலிருந்த குழந்தை கொட்டாவி விட்டது.

"மழை இல்லீங்க. நான்தான் லைனை அறுத்தேன், தெரியாம. அறுத்தது பத்து இருபதுக்கு. வாயைத் தொறந்தது பதினொண்ணுக்கு."

ஆதிமூலம் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"அதுவரைக்கும் இன்னா பண்ணீங்க?"

"சும்மா உக்காந்திருந்தேன்."

ஆதிமூலம் குழந்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பாயின் விரல்களை ஒவ்வொன்றாகத் துணியிலிருந்து பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.