நான்கு விபத்துகளின் சொந்தக்காரி

திரைக்காரம்மா காரை எடுத்து ஒரு பூந்தொட்டியைக்கூட இடித்தவள் இல்லை. வீடு வீடாகப் போய் ஜன்னலை அளந்து, திரைச்சீலை தைத்து, தானே ஏணியில் ஏறி மாட்டிக் கொடுப்பாள். கால் அங்குலம் பிசகினாலும் முழுசாகப் பிரித்துத் தைக்கிற ரகம். அப்பேர்ப்பட்டவளிடம்தான் அந்த இன்சூரன்ஸ் குமாஸ்தா, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "அஞ்சு வருஷத்துல நாலு விபத்து. உங்களை ஆபத்து அதிகமுள்ள ஓட்டுநர்னு போட்டிருக்காங்கம்மா" என்றார்.

இது அவள் ஏறி இறங்கிய நாலாவது ஆபீஸ். மற்ற மூவரும் காகிதத்தைப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் இல்லாமல் காரைத் தெருவில் இறக்க முடியாது. கார் இல்லையென்றால் பிழைப்பும் இல்லை. ஆறடி ஏணி, திரைக் கம்பிகள், துணிக்கட்டு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலா ஏறமுடியும்?

"இடிபட்டவங்களுக்கு மட்டும் கொடுக்கிற பாலிசின்னா கொஞ்சம் மலிவு. ஆனா உங்க வண்டி நசுங்கினா உங்க பாடு," என்றார் குமாஸ்தா. "முழுசா வேணும்னா, போன வருஷம் கட்டினதைப் போல மூணு மடங்கு ஆகும். ரிப்பேர் செலவுல முதல் பங்கை நீங்களே ஏத்துக்கிறதா இருந்தா, அதுல கொஞ்சம் இறங்கும்."

மூன்று மடங்கு என்றதும் அவள் ஆடிப்போனாள்.

குமாஸ்தா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. உங்களைப் பாத்தா இடிக்கிற ஆளாத் தெரியல. படிவத்துல பேரு ஏதும் மாறிப்போயிருந்தா சொல்லுங்க, திருத்திடலாம். பாதிக்குப் பாதி குறையும்."

வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர். முப்பது வருஷம் ஓட்டி, பஸ்ஸில் ஒரு கீறல் விழவில்லை. டிப்போ வாசலில் ஒரு பலகை உண்டு. விபத்தே இல்லாமல் ஓய்வு பெற்றவர்களின் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைப்பார்கள். இத்தனை காலத்தில் ஏறியதே ஆறு பெயர்கள்தான். சொந்த வண்டியில் இடித்தாலும் கணக்கில் சேரும், பலகை கிடையாது. அந்த மனுஷர் போயும் போயும் ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கும்போதா கார் வாங்க வேண்டும்?

வாங்கிய வாரமே சொந்த வீட்டு கேட் தூணில் சாத்தினார். இறங்கி வந்து, தூணையும் காரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பஸ்ல நான் முன்சக்கரத்துக்கும் முன்னாடி உக்காந்திருப்பேன். மூலையைத் தாண்டின பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிப்பேன். கை பழகிப்போச்சு," என்றார்.

அவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். பலகையை நினைத்து அது சுருங்கிக் கிடந்தது. இன்சூரன்ஸ் படிவத்தில் 'வண்டியை ஓட்டியவர்' என்ற இடம் வந்ததும் பேனாவை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"நான்னு எழுதறேன்."

"உனக்கெதுக்கும்மா இந்தக் கெட்ட பேரு?"

"எனக்கு யாருங்க பலகை வெக்கப் போறாங்க?"

அடுத்து பக்கத்து வீட்டுச் சுவர், மருத்துவமனைக் கம்பம், கடைசியாக ஒரு தபால் பெட்டி. நான்கும் இவள் பெயரிலேயே போயின. ஏழாவது பெயராக அவர் பெயர் பலகையில் ஏறிய அன்று அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். அதோடு கார்ச் சாவியை இவளிடம் கொடுத்தவர், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அதைப் பார், இதைப் பார் என்று வழியெல்லாம் வகுப்பு எடுப்பார். "வாயை மூடிட்டு வாங்களேன்" என்று எத்தனை தடவை எரிந்து விழுந்திருப்பாள்! எட்டே மாதம். அந்த இருக்கை காலியாகி இப்போது ஒரு வருஷம்.

"நான்தான் சார் ஓட்டினேன்," என்றாள். "நாலும் நான்தான்."

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். "அப்ப ஒரே வழிதான். வண்டியில ஒரு பெட்டி பொருத்துவோம். வேகம், பிரேக், திருப்பம் எல்லாத்தையும் பதிஞ்சுக்கிட்டே இருக்கும். ஆறு மாசம் சுத்தமா ஓட்டினீங்கன்னா பழைய தொகைக்கே வந்துடலாம். அதுவரைக்கும் மூணு மடங்குதான்."

இரண்டு தையல் மெஷினில் ஒன்றை விற்றுக் கட்டினாள். வேலை பாதியாகக் குறைந்தது. ஆறு மாதமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினாள். 'அந்தச் சைக்கிளைப் பாரு' என்று ஒரு குரல் பக்கத்திலிருந்து வராதா என்று ஏங்கியபடியே ஓட்டினாள்.

ஆறு மாதம் முடிந்ததும் குமாஸ்தா அவளை அழைத்தார். மேஜையில் ஒரு கத்தைக் காகிதம் இருந்தது.

"இப்படி ஒரு அறிக்கையை நான் பாத்ததே இல்லம்மா. பழைய தொகைக்கே போட்டுடலாம். ஒண்ணு மட்டும் புரியல. சிக்னல் இல்ல, வளைவு இல்ல. ஆனா தினமும் அதே இடங்கள்ல ஊர்ந்து போறீங்களே, ஏன்?"

"அதெல்லாம் பஸ் ஸ்டாப் சார். பஸ்ஸைப் பிடிக்க யாராவது குறுக்க ஓடி வருவாங்க. ஓடறவங்க காரைப் பாக்க மாட்டாங்க, நாமதான் அவங்களைப் பாக்கணும்."

"யாரு சொல்லிக் கொடுத்தது?"

"எங்க வீட்டுக்காரர். பஸ் டிரைவரா இருந்தார்."

"கெட்டிக்கார டிரைவர்."

அவளுக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. "பஸ்ஸுன்னா அவரை அடிச்சுக்க ஆளில்ல சார். கார்தான் கடைசி வரைக்கும் கைக்கு வரல."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குமாஸ்தா அவளைப் பார்த்தார். நான்கு விபத்தும் எழுதியிருந்த பழைய காகிதத்தைப் பார்த்தார். பிறகு அதை மடித்துக் கோப்பின் அடியில் வைத்தார்.

"நாலும் உங்க பேர்லயே இருக்கட்டும்மா," என்றார்.