காலிப்பருக்கு வைத்த சந்தனம்

என் அப்பா கொசுவைக்கூட அடிக்காமல், ஜன்னலைத் திறந்து வெளியே போகச் சொல்கிற ரகம். அப்படிப்பட்டவர் டெக்சஸ் வந்து துப்பாக்கி வாங்கினார். மானுக்கும் முயலுக்கும் ஆபத்தில்லை. நூறு கெஜத்துக்கு அப்பால் ஒட்டிய காகிதத்தைச் சுடுவதோடு சரி. அதற்கான தோட்டாவையும் கடையில் வாங்காமல், ரிச்சர்ட்சன் ஊரில் இருந்த எங்கள் வீட்டு கராஜில் தானே செய்துகொள்வார்.

பித்தளைக் கூட்டில் மருந்தைக் கொட்டி, மேலே குண்டை வைத்து அழுத்துவார். எவ்வளவு ஆழம் இறங்கியது என்று பார்க்க, காலிப்பர் என்கிற அளவுகருவியின் இரண்டு தாடைகளுக்கு நடுவே தோட்டாவைப் பிடித்து அளப்பார். நீளம் கூடுதலாக இருந்தால் இன்னும் கொஞ்சம் அழுத்துவார், மறுபடி அளப்பார். எப்படியும் பறந்து போகப்போகிற சாமானை எதற்கு இத்தனை தடவை அளக்கிறார் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தீராத சந்தேகம். கேட்டால், "கொஞ்சம் அதிகமா உள்ள போனாலும் ப்ரெஷர் ஏறிடும்டா கண்ணு. துப்பாக்கியே வெடிச்சாலும் வெடிக்கும்" என்பார். சாம்பாரில் உப்பு கூடிவிடும் என்கிற தொனியில் சொன்னதால் நான் பயப்படவில்லை.

அம்மாவுக்கு இந்த விவகாரமே ஆகாது. அப்பா மூன்று வருடம் கெஞ்சிய பிறகு, அந்த ஞாயிற்றுக்கிழமை தானும் வந்து ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்ப்பதாகச் சம்மதித்திருந்தாள். அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. லேப்டாப், கார், மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற உத்தியோகம் என்னுடையது. துப்பாக்கி பூஜை பக்கமே வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆயுத பூஜையில் வீட்டிலிருந்த ஒரே ஆயுதத்துக்கு இடமில்லை. "சரி, காலிப்பரையாவது வெச்சுக்கறேன். அது ஸ்கேல் மாதிரிதானே?" என்று அப்பா பேரம் பேசி ஜெயித்தார். எண் காட்டுகிற ஸ்க்ரீனில் மட்டும் படக்கூடாது என்று எனக்கு உத்தரவு. நான் யோசித்து, மேலே ஓரமாகக் குங்குமத்தை வைத்துவிட்டு, தாடைகள் சேரும் வாய்க்குள் தாராளமாகச் சந்தனம் அப்பினேன்.

மறுநாள் விஜயதசமி. அன்றைக்குத் தொடங்கினால் எதுவும் விளங்கும் என்று, ஞாயிற்றுக்கிழமைக்கான தோட்டாக்களை அப்பா அந்தக் காலைக்கென்றே ஒதுக்கியிருந்தார். "ஒம்பது மணிக்கு ராகு காலம். சீக்கிரம் ஸ்டார்ட் பண்ணுங்க" என்று அம்மா உள்ளேயிருந்து விரட்டினாள். வழக்கமாகக் காலிப்பரை மூடி, பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே வேலையில் இறங்குபவர், அன்று குங்குமத்தை மட்டும் துடைத்துவிட்டு அவசரமாக உட்கார்ந்தார். முதல் தோட்டா நீளம் கூடுதலாகக் காட்டியது. அழுத்தினார். இன்னும் அழுத்தினார். அதே அளவில் இருபது தோட்டாக்கள், எல்லாம் நல்ல நேரத்தில் தொடங்கியவை.

மத்தியானம் சாப்பிடும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தனம் காய்ந்தால் எவ்வளவு தடிமன் இருக்கும் என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"எந்தச் சந்தனம்?"

காலிப்பர் வாய்க்குள் வைத்தது என்றேன்.

அப்பா பிசைந்த சாதத்தை அப்படியே விட்டுவிட்டு கராஜுக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன். காலிப்பரை மூடினார், அரை மில்லிமீட்டருக்கு மேல் காட்டியது. நகத்தால் சுரண்டினார். மஞ்சள் பொருக்கு உதிர்ந்ததும் எண் பூஜ்யத்துக்கு வந்தது. திட்டு விழும் என்று நின்றேன். விழவில்லை. ஒவ்வொரு தோட்டாவாக, சுத்தியல் போன்ற ஒரு கருவியில் சொருகித் தரையில் தட்டித் தட்டிக் குண்டைப் பிரித்தெடுத்தார். ஒன்றிரண்டு கை தவறி உருண்டோடின. செய்ததெல்லாம் வீணான கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். "என்ன ஆச்சு?"

"அளவு கொஞ்சம் தப்பாயிடுச்சு."

"எவ்வளவு?"

அப்பா இரண்டு விரலை ஒட்டினாற்போல் வைத்துக் காட்டினார்.

"இதுக்கா பாதிச் சாப்பாட்டுல எழுந்து வந்தீங்க?" என்று அம்மா சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள், புதிதாகச் செய்த தோட்டாக்களோடு சுடும் மைதானத்துக்குப் போனோம். அம்மா துப்பாக்கியின் கட்டையில் கன்னத்தைப் பதித்து, "முருகா" என்று சொல்லிச் சுட்டாள். காகிதத்தின் மூலையில் ஓர் ஓட்டை. அதை வைத்து இன்றும் வீட்டுக்கு வரும் ஆன்ட்டிகளிடம் பெருமையடித்துக்கொள்கிறாள்.

எனக்கு அன்று வேடிக்கையாக இருந்தது அப்பாதான். அம்மாவுக்குப் பின்னால் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார். சத்தம் அடங்கிய பிறகும் திறக்கவில்லை, "பாத்தீங்களா?" என்று அம்மா கூப்பிட்ட பிறகுதான் திறந்தார். எங்கள் அப்பாவுக்கு வெடிச்சத்தம் என்றால் பயம் என்று திங்கட்கிழமை ஸ்கூலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.