குறைந்தது இரண்டு பேர்

எங்கள் கவுண்டரில் வந்து நிற்கிற யாரிடமும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை பேர்?" வணக்கமெல்லாம் அதற்கப்புறம்தான். ஆள் கணக்கு தெரியாமல் எந்த ஹோட்டல் சரிப்படும் என்று எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

எங்கள் பொழுதுபோக்குப் பார்க்குக்குள் மூன்று ஹோட்டல்கள் இருக்கின்றன. வாசல் ஹோட்டலில் தங்கினால் நடை மிச்சம், ஆனால் ராட்டினத்தில் ஏறியவர்கள் போடுகிற கூச்சல் காதைப் பிளக்கும். காட்டு ஹோட்டலின் மரவீடுகள் பார்க்க லட்சணமாக இருக்கும், பஸ்ஸை விட்டால் இருபது நிமிடம் கொசுக்கடி. ஏரி ஹோட்டலுக்குப் படகில் போகவேண்டும். இருப்பதிலேயே நல்லது அதுதான்.

இதையெல்லாம் சொல்வதில் மேப் அக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இருபத்திரண்டு வருடம் அதே நாற்காலி. நான் பக்கத்து நாற்காலிக்கு வந்து ஆறு வருடம். "பெரியவங்க கூட வர்றாங்களா? படகு வேண்டாம், படி ஈரமா இருக்கும். மினி ரயில்ல கடைசிப் பெட்டியில ஏறுங்க" என்பார். "அஞ்சு பேரா? ஒரே ரூம்ல அடைஞ்சுக்காதீங்க. மறுநாளே ஆளுக்கொரு மூலையில மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க" என்பார். பிறகு பார்க் மேப்பை விரித்து, பச்சைப் பேனாவால் எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது, எத்தனை மணிக்கு என்று கோடு போட்டுத் தருவார். அதனால்தான் அந்தப் பேர்.

அப்படிப்பட்டவர் அந்த மூன்று ஹோட்டல்களில் ஒன்றில்கூட ஒரு ராத்திரி தலைசாய்த்ததில்லை. லாண்டரிக்குப் பின்னால் இருக்கிற ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில், ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு ஜன்னல்.

வருடத்துக்கு ஒரு ராத்திரி எங்களுக்கு இலவச பாஸ் உண்டு. நான் ஒரு வருடம்கூட விட்டதில்லை, புருஷன் பிள்ளைகளோடு போய் சோப்பு முதற்கொண்டு எடுத்து வந்துவிடுவேன். ஆனால் பாஸின் அடியில் ஒரு வரி இருக்கும்: குறைந்தது இரண்டு பேர். இரண்டாவது ஆள் மாலை ஏழு மணிக்குள் வராவிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அக்காவுக்கு இருந்தது ஒரே தம்பி. வருடா வருடம் இவர் கூப்பிடுவார், அவன் "பார்க்கலாம்க்கா" என்பான். வீட்டுக்காரர் செத்துப்போனாரா, விட்டுப்போனாரா என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் கேட்டதில்லை. ஊர் வம்பெல்லாம் என் வாயில்தான் அரைபடும், பக்கத்து நாற்காலியைக் கேட்க மட்டும் எனக்கு நேரம் இருந்ததில்லை.

அக்கா ஓய்வு பெறுகிற வாரம். கடைசி பாஸ், சனிக்கிழமையோடு செல்லாமல் போய்விடும். நான் சும்மா இருக்காமல், "இந்தத் தடவையாவது தம்பி காதைத் திருகி இழுத்துட்டு வாங்கக்கா" என்றேன். அக்கா சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு எது பிடிக்கும், ஏரிப் பக்கமா, காட்டுப் பக்கமா?" என்று கேட்டார்.

"ரூம் சும்மா கிடைச்சா கக்கூஸ் பக்கம்கூடப் பிடிக்கும். ஏரிதான்க்கா" என்று சொல்லிவிட்டு போனை எடுக்கப் போய்விட்டேன்.

சனிக்கிழமை அரைநாளோடு அக்கா கிளம்பினார். நான் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, குழந்தைக்குத் தனிக் கட்டில் கேட்டு உயிரை வாங்கிய ஒருவரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். அக்கா என் முன்னால் ஒரு மேப்பை வைத்து, "இது உனக்கு" என்றார். கையை ஆட்டினேன். என்ன சொன்னார் என்பது என் காதில் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை. எங்கள் கவுண்டரிலிருந்து பச்சைக் கோடு. இரண்டாம் படகுத்துறை, ஆறு பத்துப் படகு, ஏரி ஹோட்டல், 214. யாரோ கெஸ்ட் கேட்டிருப்பார்கள், வந்தால் கொடுக்கச் சொல்கிறார் என்று எடுத்து ஓரமாக வைத்தேன்.

ஐந்தரைக்கு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு ஒரு தம்பதி வந்தார்கள். "ஏரி ஹோட்டலுக்கு எப்படிப் போறது?"

"ரெடியா இருக்கு பாருங்க. எங்க மேப் அக்கா கைப்பட போட்டது" என்று நீட்டிவிட்டு, பெருமையாக வீட்டுக்குப் போனேன். போய் துணி மடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பிள்ளைகளின் அம்மா கவுண்டருக்கு வந்தார்.

"என்னங்க, தப்பான மேப்பைக் குடுத்துட்டீங்க. ரூம் நம்பர்கூடப் போட்டுத் தந்திருக்காங்களேன்னு நேரா போய்க் கதவைத் தட்டிட்டோம். உள்ள ஒரு அம்மா இருந்தாங்க. 'வா வா'ன்னு சொல்லிக்கிட்டே திறந்தவங்க, எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டாங்க."

"அப்புறம்?"

"மேப்பை வாங்கிப் பார்த்தாங்க. மேஜையில ரெண்டு கப்புல டீ போட்டு வச்சிருந்தாங்க. ரெண்டையும் எங்களைக் குடிக்க வச்சாங்க. சின்னவனைத் தூக்கிக்கிட்டு கீழ வந்து எங்க ரூமைக் காட்டிட்டுப் போனாங்க. தங்கமான மனுஷி."

ஏரி ஹோட்டல் வரவேற்பறைக்குப் போன் போட்டேன். இரண்டாவது ஆளின் இடத்தில் என் பேர். ஏழு வரைக்கும் அந்த ஆள் வரவில்லையாம், அக்காவே சாவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டாராம்.

கவுண்டரைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு குவார்ட்டர்ஸுக்கு ஓடினேன். அறையை அன்றைக்கே காலி செய்ய வேண்டும். அக்கா ஸ்டவ்வைத் துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா என்ன? ஒரு போன் பண்ணினா என்ன?" என்று கத்தினேன். தப்பு என் மேல் என்றால் எனக்குச் சத்தம் கூடிவிடும்.

"உனக்கு வீடு, பிள்ளைங்க, வேலைன்னு ஆயிரம் இருக்கும். நீ முடியாதுக்கான்னு சொல்லிட்டா, மறுநாள் உன் பக்கத்துல வந்து நான் எப்படி உட்கார்றது?"

"இனிமே ஏது மறுநாள்? அதான் ரிட்டயர் ஆயாச்சே!"

"அதுக்குத்தான் கடைசி நாள் வரைக்கும் வச்சிருந்தேன்" என்றார் அக்கா.

அழுகையாக வந்தது. அவர் ஸ்டவ்வின் முடிச்சை இறுக்கினார். ஆறு வருடத்தில் கேட்காததை அப்போதுதான் கேட்டேன். "இப்ப எங்க தங்கப் போறீங்க?"

"தம்பி இன்னும் போன் எடுக்கலை. பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல லாட்ஜ் இருக்காம். பார்க்கலாம்."

"நம்ம வீட்டுக்கு வாங்கக்கா."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கவுண்டரில் பார்க்கிற அதே பார்வை. "எத்தனை பேர்?"

"நாலு. உங்களோட அஞ்சு" என்று சொல்லிவிட்டு ஒரு நொடி நின்றேன். ரெண்டே அறை. உள் அறையில் பிள்ளைகள். பெரியவன் பரீட்சைக்குப் படிக்கிறான். அக்காவை எங்கே படுக்க வைப்பது என்று மனசு ஒரே ஒரு நொடி கணக்குப் போட்டது. அந்த நொடியை அக்கா பார்த்துவிட்டார். இருபத்திரண்டு வருடம் மனிதர்களின் முகத்தைப் பார்த்து ரூம் சொன்னவர்.

"அஞ்சு பேர் ஒத்துவராதும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பச்சைப் பேனாவை என் கையில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார். நான் ஸ்டவ்வைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் கூடவே போனேன்.