ஒற்றைத் தலைவலியும் இரண்டு நல்ல பற்களும்

ஒற்றைத் தலைவலிக்காக இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கிக்கொண்டவன் நான். சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை. அருப்புக்கோட்டையில் மாடியில் கடை வைத்திருந்த பல் டாக்டர் ஒரு கம்பியால் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "பல்லு கல்லு மாதிரி இருக்கு. எதுக்குப் புடுங்கணும்?" என்று கேட்டார். "உசுர் போகுது டாக்டர்" என்று தாடையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தேன். நடிப்பு எனக்குச் சரளமாக வரும். அவர் நம்பவில்லை. நானும் நாற்காலியை விட்டு இறங்கவில்லை. முதல் பல் போன பிறகும் தலைவலி வந்தது. உடனே பக்கத்துப் பல்லின் மேல் பழியைப் போட்டு மறுபடியும் மாடி ஏறினேன்.

குற்றவாளி பல்லாக இருந்தே ஆக வேண்டும். பல் இல்லை என்று ஆகிவிட்டால் பழி என் மைக் செட்டின் மேல் விழும்.

எண்பதுகளின் கடைசியில் பாளையம்பட்டியில் ரேடியோ செட் கடை வைத்திருந்தேன். புனல் போல இரண்டு குழாய் ஸ்பீக்கர், சூடேறினால் முனகும் ஓர் ஆம்ப்ளிஃபயர், கொஞ்சம் இசைத்தட்டு, நிறையக் கேசட்டு, ஓடி ஓடி எரியும் சீரியல் பல்பு. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எங்கள் சர்ச்சின் அறுப்புப் பண்டிகை என்று திருச்சுழி, நரிக்குடி வரைக்கும் லோடு ஏற்றிப் போவேன். ஆனால் ஆட்கள் என்னைக் கூப்பிட்டது பாட்டுக்காக அல்ல. பாட்டுக்கு நடுவே நான் மைக்கைப் பிடிப்பேன். "மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு வரவும். ஏற்கெனவே சாப்பிட்டவர்கள் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடியும் உட்காருவதை மைக் செட்காரன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்." பந்தல் முழுக்கச் சிரிக்கும். கிழவர்கள் பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் குழாய் வழியே திரும்பி என் காதுக்கு வரும்போது எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றிருக்கும்.

என் அண்ணனுக்கு அது வேலையாகத் தெரியவில்லை. அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். அப்பா இறந்தபோது நான் அரை டவுசர் போட்டுக்கொண்டிருந்தவன். வளர்த்தது, படிக்கவைக்கப் பார்த்துத் தோற்றது, கல்யாணம் செய்துவைத்தது எல்லாம் அவர்தான். கை ஓங்கியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. கெட்ட அண்ணனாக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். நல்ல அண்ணனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் பியூன் ஓய்வு பெறுகிற நேரம். அண்ணன் மேனேஜரிடம் சொல்லி அந்த இடத்தை எனக்காகப் பிடித்து வைத்திருந்தார். நிரந்தர வேலை, பென்சன், வெயிலில் அலையவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நானும் என் சம்சாரமும் அவர் வீட்டில்தான் சாப்பிடுவோம். இலை போட்டதும் கேட்பார்.

"எப்பலே சேர்ற?"

"கை பழகிக்கிட்டு இருக்கேன்ணே. மணி அடிக்கிறதுல சுதி தப்பிறக் கூடாதுல்ல."

எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பார். மதினி இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றுவார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விடும். எனக்கு மட்டும் இடது கண்ணின் ஓரத்தில் சீரியல் பல்பு ஓட ஆரம்பிக்கும்.

மிகைப்படுத்தவில்லை. அப்படித்தான் தொடங்கும். வெள்ளை வெள்ளையாக, கோணல் மாணலாக ஓர் ஒளி கண்ணோரம் ஓடும். எதிரே இருப்பவர் முகத்தில் பாதி காணாமல் போகும். அது அணைந்ததும் இடது பொட்டில் யாரோ உளி வைத்து அடிப்பார்கள். குமட்டும். கரண்டி கீழே விழுந்தால்கூட உயிர் துடிக்கும். உட்கார முடியாது, படுக்க முடியாது, நடந்தால் தரை ஆடும். நம் ஊர் வெயில்தான் தெரியுமே, அடைத்த கதவின் இடுக்கு வழியாகவும் ஊசி மாதிரி வந்து குத்தும். தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு இருட்டு அறையில் மூலைக்கு மூலை போய்க்கொண்டிருப்பேன்.

"இந்தச் சத்தத்துலயே கெடந்தா தலை வலிக்காம என்னலே செய்யும்? சனிக்கெழமை கல்யாண வீட்டுல கொழாயக் கட்டுற, ஞாயித்துக்கெழமை வலியில துடிக்கிற. கண்ணு முன்னால தெரியுதுல்ல?" என்பார் அண்ணன்.

அந்தக் கணக்கை உடைக்க எனக்கு வேறொரு குற்றவாளி வேண்டியிருந்தது. அதனால்தான் பல். பல் பொய்த்த பிறகு வேறு ஆட்களைத் தேடினேன். தும்பைப் பூவைக் கசக்கி மூக்கில் விட்டார்கள். தும்மித் தும்மி வலது பக்கமும் வலித்ததுதான் மிச்சம். வீரசோழனில் ஒரு பெரியவர் தண்ணீரில் ஓதிக் கொடுத்தார். சர்ச் ஜெபக் கூட்டத்தில் என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். ஜெபித்தவரின் குரல் என் ஸ்பீக்கரைவிடப் பெரிது. கண்ணாடி போட்டேன். ஆட்டுக்கறி சூடு என்றார்கள், விட்டேன். ஞாயிற்றுக்கிழமைதானே வருகிறது, பாஸ்டரின் பிரசங்கமாக இருக்குமோ என்றுகூடச் சந்தேகப்பட்டு ஆராதனைக்குப் போவதை நிறுத்தினேன். பாஸ்டர் வீடு தேடி வந்து, "என்ன தம்பி, ஆளையே காணோம்?" என்றார். "டாக்டர் வேணாம்னுட்டாரு ஐயா" என்றேன். ஆராதனைக்குப் போகாமல் நேராக அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். வலி தவறாமல் வந்தது.

"ஏங்க, ஒங்களுக்கு வலியக் கொறைக்கணுமா, இல்ல ஆளு மேல பழி போடணுமா?" என்றாள் என் சம்சாரம்.

கடைசியில் அண்ணனிடமே பந்தயம் கட்டினேன். நரிக்குடிப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு செட் போட்டிருந்தேன். சனிக்கிழமை. அண்ணனுக்கும் பத்திரிகை வந்திருந்தது. "அண்ணே, நீங்களே பக்கத்துல ஒக்காந்து பாருங்க. கொழாய்க்கு அடியிலயே கெடக்கேன். நாளைக்கு எனக்குத் தலை வலிச்சா சத்தந்தான் காரணம், ஒத்துக்கிறேன். வலிக்கலைன்னா?"

"வலிக்கலைன்னா சத்தம் இல்லைன்னு நான் ஒத்துக்கிறேன்" என்றார்.

ஊரில் எந்த முட்டாளும் செய்யாத காரியம் அது. வழக்கமாக வேப்ப மரத்து உச்சியில் கட்டுகிற குழாயை, அன்றைக்குத் தாழ்ந்த கிளையில் கட்டி, அதன் வாய்க்கு நேரே இடது பொட்டைக் காட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காது குத்தின பிள்ளைகூடக் கொஞ்ச நேரத்தில் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. பந்தியில் அண்ணன் ஏதோ கேட்டார். வாய் அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. "என்னண்ணே?" என்று கத்தினேன். "வலிக்குதாலே?" என்று அவரும் கத்தினார். "இல்லண்ணே!" ஊரே திரும்பிப் பார்த்தது.

மறுநாள் காலையில் எழுந்தேன். காதில் ஒரு வண்டு ரீங்காரம், அவ்வளவுதான். தலை வாழைத்தண்டு மாதிரி குளிர்ந்து கிடந்தது. ஆராதனைக்குப் போய் பாஸ்டருக்குத் தோத்திரம் சொன்னேன். பிரசங்கம் முழுக்க விழித்தே இருந்தேன். அண்ணன் வீட்டுக்கு மாப்பிள்ளை மாதிரி நடந்து போனேன். ஆட்டுக்கறிக் குழம்பையும் விட்டுவைக்கவில்லை.

அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னார். "சரிலே. சத்தம் இல்ல. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

ஜெயித்துவிட்டேன் என்று சம்சாரத்தைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினேன்.

"அப்பத் தலைக்கு ஒரு கொறையும் இல்ல" என்றார் அண்ணன், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே. "நோயாளிய எப்பிடி வேலையில சேக்கிறதுன்னுதான் இத்தன நாளும் நான் மேனேஜர்ட்ட இழுத்துக்கிட்டு இருந்தேன். இனி என்ன, ஒண்ணாந்தேதி சேந்துரு. வீரசோழன் பாய் ஒருத்தர் செட்டக் கேட்டுக்கிட்டே இருக்காக. கொழாய், ஆம்ப்ளி எல்லாத்தையும் அவுகட்டக் குடுத்துருவோம்."

என் பந்தயம் என்னையே கொண்டுபோய்ப் பள்ளிக்கூட மணிக்கு அடியில் நிறுத்திவிட்டது. வாயில் அப்போதும் வந்தது கிண்டல்தான். "சேந்துருவோம்ணே. அந்த மணிக்கு ஒரு மைக்கு கட்டலாமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அப்ப இப்பவே மேனேஜர் வீட்டுல சொல்லிட்டு வந்துர்றேன்" என்று ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். அவர் ஒரு கையை நுழைக்கிறார், அந்தக் கை எனக்குத் தெரியவில்லை. அங்கே சீரியல் பல்பு ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை, வெயில் இல்லை, பிரசங்கம் முடிந்து நேரமாகிவிட்டது. ஒரு சட்டை, மணி அடிக்கிற வேலை. அவ்வளவுதான் அந்த வீட்டில் இருந்தது.

அண்ணன் செருப்பை மாட்டினார். நான் எழுந்து இரண்டு எட்டு வைத்து முற்றத்தில் ஆட்டுக்கறி அத்தனையையும் வாந்தி எடுத்தேன். குனிந்தபடியே, "வேணாம்ணே" என்றேன். கேட்டதோ இல்லையோ என்று மறுபடி சொன்னேன். "எனக்கு அந்த வேல வேணாம்ணே. செட்டக் குடுக்காதீக."

யாரும் சிரிக்கவில்லை. என் முதுகைத் தடவிவிட்டுக்கொண்டிருந்த மதினிதான் பேசினார்கள். "அடப்பாவி மனுசா, இவுகளப் பாத்தாத்தான் ஒங்களுக்குத் தலவலி வருதா? இத்தன நாளா எங்கொழம்பயில்ல சந்தேகப்பட்டீக!"

அண்ணன் ஒரு கை நுழைத்த சட்டையோடு அப்படியே நின்றார். அன்றைய வலி மாதிரி வலி அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை. சொல்லிவிட்டால் உடனே நின்றுவிடும் என்று நினைத்தேன். அது என்ன சுவிட்சா?

திங்கட்கிழமை அண்ணனே என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றி அருப்புக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஒரு லேடி டாக்டர். "எப்பெப்ப வருது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார். "எங்க வீட்டுக்கு வந்தா வருதும்மா."

டாக்டர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். எனக்கு அது பெரிய ஆறுதல். "மனசுல இருந்து வருதுன்னா அது நடிப்புன்னு அர்த்தமில்ல" என்றார். "வலி நிசம். இந்த மாதிரி தலைக்கு எல்லாமே காரணம்தான். பட்டினி, தூக்கம் முழிக்கிறது, வெயிலு. மனசுல ஒண்ண அடக்கி அடக்கி வச்சாலும் ஒடம்பு அத எங்கயாவது காட்டும். உங்களுக்கு இங்க காட்டுது." என் இடது பொட்டைத் தொட்டார். கண்ணில் பல்பு ஓட ஆரம்பித்ததும் போட வேண்டிய மாத்திரையைத் தந்தார். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், தினமும் கொஞ்ச நேரம் கண்ணை மூடி மெதுவாக மூச்சு விட வேண்டும் என்றார். மைக் செட்காரனுக்கு நேரத்துக்குத் தூக்கம்! ஆனாலும் முடிந்த அளவு செய்தேன். பந்தல் போடும் வீட்டில் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தேன், கேலி செய்தவர்கள் செய்யட்டும் என்று. தொண்ணூறுகளில் வலி வராமல் போகவில்லை. வந்தது, ஆனால் கிழமை பார்த்து வரவில்லை. உட்கார்ந்து மூச்சு விடும்போது, இன்றைக்கு யாரிடம் எதைச் சொல்லாமல் விழுங்கினேன் என்று யோசிப்பேன். பெரும்பாலும் ஆள் கிடைத்துவிடுவார்.

ஆனால் அது பின்னால். அந்தத் திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை அண்ணன் முன்னால் நடந்தார். நான் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தார். மேனேஜரிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டதாகவும், பாயிடம் செட் இல்லை என்று சொல்லிவிட்டதாகவும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். எனக்குத் தாங்கவில்லை. "அப்ப ஒங்க பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு யாருண்ணே மைக் செட்டு?" என்று பல்லைக் காட்டினேன்.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். "இனிமே எங்கிட்டச் சிரிக்காதலே. எது சிரிப்பு, எது வலின்னு பாத்துப் பாத்துப் பேச என்னால ஆகாது."