கத்தாமல் இருந்தால் ஒரு பட்டன்

அந்தத் தெருவில் ஜிப் போனவர்கள், இடுப்பு பெருத்தவர்கள், திடீரென்று இளைத்துப்போனவர்கள் எல்லோரும் ஏறிப்போகும் படிக்கட்டு ஒன்று உண்டு. இரண்டாம் மாடி. முன்னறையில் தையல் மெஷின், உள்ளறையில் புருஷன், நடுவே ஒரு திரை. தையல்காரம்மாவின் இருபத்து மூன்று வருடக் குடித்தனம் அவ்வளவுதான்.

புருஷன் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன்னால் பழுது பார்க்கப் போன இடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்தார். கை கால் தப்பியது, தலை தப்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் பார்வைக்கு அதே மனுஷன்தான். ஆனால் ஒருநாளும் அதிர்ந்து பேசாதவர் இப்போது தொண்டை கிழியக் கத்தினார். தண்ணீர் வேண்டுமென்றாலும் கத்தல், ஜன்னலில் புறா உட்கார்ந்தாலும் கத்தல்.

கீழ்வீட்டுப் பெண்மணி மூன்று தடவை வந்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போனாள். நாலாம் தடவை வீட்டு ஓனரே வந்தார்.

“நான் ஒண்ணும் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லம்மா. கீழ்வீட்டம்மா பொண்ணுக்குக் காலேஜ் பரீட்சை. மாசக் கடைசிக்குள்ள சத்தம் நிக்கணும். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கங்க.”

“உள்ள ரேடியோவா வச்சிருக்கேன், திருகி அணைக்கறதுக்கு?” என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, இடம் மாறினால் பிழைப்பு போய்விடும். இந்த விலாசத்தை நம்பித்தான் துணி வருகிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருவாள். சின்ன வயசு, பெரிய பை. அவளிடம் அழுதபோது ஒரு வழி சொன்னாள்.

“அவர் கத்தினா நீங்க ஓடிப்போறீங்க இல்லக்கா? நீங்க வர்றதுதான் அவருக்குக் கிடைக்கிற பரிசு. அதைத் திருப்பிப் போடணும். கத்தினா, ஆபத்து இல்லன்னு எட்டிப் பாத்துட்டு உங்க வேலையப் பாருங்க. மெதுவா கூப்பிட்டா உடனே போங்க, கையில ஒரு டோக்கன் குடுங்க. பத்து சேர்ந்தா அவருக்குப் பிடிச்சது ஒண்ணு.”

“டோக்கனுக்கு நான் எங்க போவேன் மேடம்?”

அந்தப் பெண் மெஷின் மேல் இருந்த பட்டன் பாட்டிலைப் பார்த்தாள். “அவருக்கு என்ன பிடிக்கும்?”

“லிஃப்ட்டு.”

“விழுந்ததுக்கு அப்புறமுமா?”

“அப்புறமுந்தான். எதிர்க் கட்டிடத்துல மேல போய்க் கீழ வந்தா அந்த மனுஷனுக்குச் சொர்க்கம். எனக்குத்தான் வயித்தப் பொரட்டும்.”

முதல் மூன்று நாள் கத்தல் இரட்டிப்பானது. பல்லைக் கடித்துக்கொண்டு பெடலை மிதித்தாள். நாலாம் நாள் திரைக்குப் பின்னாலிருந்து, “கொஞ்சம் வாயேன்” என்றது பழைய குரல். ஓடிப்போய் நீலப் பட்டன் ஒன்றைக் கையில் வைத்தாள். பத்து சேர்ந்ததும் எதிர்க் கட்டிடத்துக்குக் கூட்டிப்போனாள். லிஃப்ட்டுக்குள் அவர் தலையைச் சாய்த்து, “கயிறு காஞ்சு கிடக்கு, கேக்குதா? கிரீஸ் வைக்கணும்” என்றார். அந்த ஒரு நிமிஷம் அவர் முழுசாகத் திரும்பி வந்திருந்தார்.

ஆனால் “கொஞ்சம் வாயேன்” ஒரு மணி நேரத்தில் பதினாலு தடவை கேட்டது. பள்ளி திறக்கும் சமயம், சீருடை மலையாகக் குவிந்து கிடந்தது. மாதக் கடைசிக்கு எட்டு நாள். தையல்காரம்மா யாரையும் கேட்காமல் விதியை மாற்றினாள்.

“கூப்பிடவே வேணாம், சரியா? வாயத் தொறக்காம உக்காந்திருந்தா பட்டன்.”

அவள் ஒரு கால்சட்டை மடித்துத் தைத்து முடிக்கும்வரை சத்தம் வராவிட்டால் அவருக்கு ஒரு பட்டன். வீடு கப்சிப்பென்று ஆனது. ஓனர் படிக்கட்டில் நிறுத்தித் தாழ்ந்த குரலில் கேட்டார்: “அவரை எங்கியாவது சேத்துட்டீங்களா?”

“உள்ளதான் இருக்காரு.”

“சத்தமே இல்லியே!”

“அதத்தானே கேட்டீங்க.”

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், கால்சட்டையை முடித்துவிட்டுப் பட்டனோடு உள்ளே போனாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு இறுக மூடியிருந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாக வடிந்தது. டீ ஃபிளாஸ்க் மடியில் கவிழ்ந்து கிடந்தது. வேட்டி முழுக்க ஆறிப்போன டீ. கீழே தொடை பழுத்த சிவப்பு.

“ஐயோ! ஏங்க கூப்பிடல?”

அவர் உள்ளங்கையை விரித்தார். ஒன்பது பட்டன். “இன்னும் ஒண்ணுதான்” என்றார் மெதுவாக.

அந்த ஒன்பதாவதை அரை மணிக்கு முன்னால் அவள்தான் கொடுத்தாள். அவசரத்தில் திரையைக்கூட விலக்காமல் கையை மட்டும் நீட்டினாள். அவரும் வாங்கிக்கொண்டார். டீ எப்போது கொட்டியது, அதற்கு முன்பா, பின்பா? தொடையில் தண்ணீர் ஊற்றும்போதும், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதும், எத்தனை தரம் கணக்குப் போட்டாலும் முன்புதான் என்றே விடை வந்தது.

பயிற்சிக்காரப் பெண் எல்லாவற்றையும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

“கூப்பிடறதுக்குத்தானே அக்கா குடுக்கச் சொன்னேன்?”

“சொன்னீங்க. சீருடை சேர்ந்துபோச்சு.”

அவள் தொடைப் புண்ணின் கட்டைச் சரிசெய்தாள். பிறகு புது விதி வந்தது: ‘வலிக்குது’ என்று சொன்னால் பட்டன்.

மூன்றே நாளில் கற்றுக்கொண்டார். இப்போது ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறார், கீழ்வீட்டுக்குக் கேட்காத இதமான குரலில். எங்கே என்றால் ஒருதரம் தோளைக் காட்டுவார், ஒருதரம் முழங்காலை, ஒருதரம் ஜன்னலை.

“நிஜமா வலிச்சா மட்டும் குடுங்கக்கா.”

“எது நிஜம்னு எப்படி மேடம் தெரியும்?”

அந்தப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

நேற்று ஒருவர் பேண்ட் நீளம் குறைக்க வந்து நின்றார். திரைக்குப் பின்னால், “வலிக்குது.”

“ஐயோ பாவம், அவருக்கு என்னக்கா?”

“தெரியலங்க” என்றாள் தையல்காரம்மா. ஊசி இறங்கிய பேண்ட்டை மெஷினிலேயே விட்டுவிட்டு உள்ளே போய், உச்சந்தலையிலிருந்து ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள்.