விலைபோகாத பெரிய சட்டைகள்

பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கும் கட்டடத்தில், புது ஆட்களின் சட்டையை உடம்புக்குத் தக்கபடி பிடித்துத் தைப்பது அவள் வேலை. எல்லாரும் ஊசியக்கா என்பார்கள். பேச்சு அப்படிக் குத்தும், வேறென்ன? சண்டை தொடங்கியதிலிருந்து அவளுக்கு ஒரே எரிச்சல். வருகிறவர்கள் எல்லாம் ஒல்லிப் பையன்கள்; சின்னச் சட்டைகள் வந்த வேகத்தில் தீர்ந்தன. பெரிய சட்டைகள் அலமாரியில் அப்படியே கிடந்தன.

"மாடி வீட்டுப் பிள்ளைங்க ஒருத்தனைக்கூட காணோமே, அவங்களுக்கு நாடு இல்லையா?" என்று கிடங்குக்காரரிடம் கேட்டாள்.

"சோறு இருக்கே அக்கா," என்றார் அவர்.

மறுநாள் வரிசையில் அவள் மகனே நின்றான். அவனைத் தனியே இழுத்துக்கொண்டு போனாள்.

"சம்பளத்துக்காகவாடா?"

"இல்லம்மா. எல்லைக்கு அந்தப் பக்கம் ஜனங்களைக் கொன்னு குவிக்கிறாங்க. சும்மா பாத்துட்டு இருக்கச் சொல்றியா?"

"ஒரு வேலை கிடைச்சிருந்தா இந்த இரக்கம் வந்திருக்குமா?"

அவன் யோசித்தான். "தெரியலம்மா," என்றான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

சட்டை பொருந்தாதவனைப் பட்டாள வண்டியில் ஏற்ற மாட்டார்கள். அடுத்த முறைக்குத் தள்ளிவிடுவார்கள். அவன் சட்டையின் அக்குளை அவள் வேண்டுமென்றே இறுக்கித் தைத்தாள். வெட்கப்படவில்லை. பெற்றவளுக்கு என்ன வெட்கம்?

காலையில் அதிகாரி கையைத் தூக்கச் சொன்னார். அவனால் முடியவில்லை.

"நீ அடுத்த வண்டி. காத்திருக்கிறவன் யாரு, வா!"

ஓடி வந்தவன் பக்கத்து வீட்டுக்காரியின் ஒரே மகன். அவன் சட்டையையும் அவள்தான் பிடித்துக் கொடுத்திருந்தாள், கச்சிதமாக.

மகன் அவள் மெஷின் முன்னால் வந்து நின்றான். "எனக்குப் பதிலா அவன் போறான்மா. தையலைப் பிரிச்சு விடு."

"யாரோ போனா உனக்கென்னடா?" என்று கத்தினாள். வாசலில் அந்தத் தாய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இவள் அதைப் பார்த்தாள். பிளேடை எடுத்து ஒரு பக்கம் பிரித்தாள். மறுபக்கத்துக்குக் கை வரவில்லை. அதை அவனே இழுத்துப் பிரித்துக்கொண்டு ஓடினான்.

"ஒருத்தன் கூடுதலா வந்தா நல்லதுதான், ஏறு," என்றார் அதிகாரி. முன்னமே ஏறிவிட்ட பக்கத்து வீட்டுப் பையனை யாரும் இறக்கவில்லை. இரண்டு பேருமே போனார்கள்.

பக்கத்து வீட்டுக்காரி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பையனும் கூடப் போறான்ல. எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கு அக்கா."

ஊசியக்கா மறு கையால், பிரித்த நூல்களை மெஷின் மேலிருந்து தட்டிவிட்டாள்.